நாலாவது ஆள்

பாண்டி அங்கே இல்லை என்று தெரிந்தேதான் அடித்தேன். தலைக்குத் தெரியும், காலுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல. நடுக்கோட்டைத் தாண்டினதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வலது காலின் உள்பக்கத்தால் ஒரு தள்ளு. பந்து எதிர் டீமில் தடுத்து நிற்கிற இரண்டு பேக்குக்கும் நடுவில் புகுந்து இடது மூலையைப் பார்த்து உருண்டது, பள்ளிக்கூட நாளிலிருந்து அது அப்படித்தான் உருளும், போய்ச் சேருகிற இடத்தில் பாண்டிச்செல்வியின் இடது கால் இருக்கும், எப்போது கிளம்பினாள் எந்த வழியாக வந்தாள் என்று எதிராளிக்கு மட்டுமில்லை எனக்கும் தெரியாது, இருக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு ஆடிக் காற்று பந்தை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டுக்கு வெளியே கருவேல முள்ளில் போட்டது. இலக்கியா முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். "ஸாரிக்கா, ஒரு எட்டு லேட்டாயிருச்சுக்கா." பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். நிலக்கோட்டை கிளப் பெண்கள் பந்தை எடுக்க முள்ளுக்குள் குனிந்தார்கள். பிராக்டிஸ் மேட்ச்தான், இரண்டாவது பாதி, இன்னும் யாரும் கோல் போடவில்லை, வெள்ளிக்கிழமை டீம் லிஸ்ட் போடப் போகிறார்கள். இலக்கியா பாவம், இந்தக் கல்லூரிப் பிள்ளை, இரண்டாம் வருஷம், நல்ல வேகம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு எட்டு லேட், அது ஒன்றுதான். பாண்டியாக இல்லை, அது ஒன்றுதான்.

இங்கே எங்களை டிரான்ஸ்பர் பிள்ளைகள் என்றுதான் சொல்கிறார்கள். நான், கோல்கீப்பர் ஷகிலா, பேக் நிற்கிற தேன்மொழி. மதுரைப் பக்கம் நாங்கள் படித்த கல்லூரியில் பெண்கள் கால்பந்தை நிறுத்திவிட்டார்கள், விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இனி ஹாஸ்டல் கிடையாது என்றார்கள், டி.சி.யை வாங்கிக்கொண்டு நத்தம் ரோட்டில் இருக்கிற இந்தச் சின்னக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தோம். போன வருஷம் இன்டர்காலேஜில் முதல் ரவுண்டிலேயே ஏழு கோல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய டீம் இது. நாங்கள் வந்து இறங்கிய அன்றைக்கே எல்லோருக்கும் முகம் மாறிப்போனது. கிரவுண்டுப் பக்கமே வராத பிரின்சிபால் மேடம் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று பார்த்தார். சாயங்காலம் முட்டை கொடுக்க ஏற்பாடு செய்தார். கேன்டீன் அக்கா எனக்கு மட்டும் வடையைப் பிய்த்து, சூடாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கிறார். "இந்த வருஷம் செமி ஃபைனல் உறுதி" என்று வாட்ச்மேன் அண்ணன் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், அவருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது. எங்களால் இடம் போன பிள்ளைகள்கூட முகத்தைத் திருப்பவில்லை, தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள், அதில் எங்கள் மூன்று பேரோடு நாலாவதாகப் பாண்டியும் சிரிக்கிறாள். பழைய குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது, அவள் தோளில் இருக்கிற கை என்னுடையது, மணிக்கட்டு வரைக்கும்தான் இருக்கிறது. பி.டி. சந்திரமதி மேடம் அவளுக்கு ஒரு சீட் பிடித்து வைத்திருக்கிறார். "நாலு பேரும் சேர்ந்துட்டீங்கன்னா யூனிவர்சிட்டி கப்பு இங்கதான்டி. அந்தப் பிள்ளை ஆடி முடிஞ்சு வரட்டும், நான் பார்த்துக்கிறேன்." ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டபோது நான்தான் சொன்னேன், வீட்ல கட்டிக் குடுத்துட்டாங்க மேடம், அவளுக்கு இஷ்டமே இல்ல, அழுதா மேடம். அழுதாள் என்பது நானாகச் சேர்த்தது. கல்யாணத்தில் அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அழுதிருப்பாள், உள்ளுக்குள் அழுதிருப்பாள் என்று நான் நம்பினேன், ராத்திரி பகலாக நம்பினேன், அந்த நம்பிக்கையில்தான் இங்கே வந்து பூட்ஸ் கயிறு கட்டினேன்.

"அருளு, பந்தைப் பாரு!" தேன்மொழி பின்னாலிருந்து கத்தினாள். பந்து என்னைத் தாண்டிப் போயிருந்தது. ஓடினேன். அருள்மேரி ஓடுகிறாள், ஓடிப் பந்தைப் பிடுங்குகிறாள், பிடுங்கித் தேன்மொழிக்கே திருப்பிக் கொடுக்கிறாள், சுலபமான பாஸ், யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். எனக்கு இப்போதெல்லாம் ஒரு பயம் வருகிறது. நான் கொடுத்தவை நல்ல பாஸ்தானா, இல்லை, எந்தப் பாஸ் போட்டாலும் அதை நல்ல பாஸாக்கிக் காட்டினது அவளா. மாவட்டப் போட்டியில் எனக்கு மெடல் போட்டவர் உனக்கு முதுகிலும் கண் இருக்கா என்று கேட்டார், முதுகில் கண் இருந்தது அவளுக்கு. இந்தக் கல்லூரி மொத்தமும் நம்பிக்கொண்டிருக்கிற அருள்மேரி பாதி ஆள்தான் என்றால், மீதிப் பாதி உசிலம்பட்டிப் பக்கம் ஆடி விருந்துக் கறிக்குழம்பில் கல் உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பாண்டியின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, ஷகிலாவிடம்கூட. வத்தலக்குண்டில் பஸ் மாறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவளிடம் என்ன பேசுவது என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். உன் வீட்டுக்காரர் காலில்கூட விழுகிறேன்டி, ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் விடச் சொல்லு. வாசலில் என்னைப் பார்த்ததும் "ஏய் அருளு!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள், தலையில் மல்லிகைப்பூ, கன்னம் உப்பியிருந்தது, உடம்பு மெத்தென்று ஆகியிருந்தது. மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்தார், செல்வேந்திரன், தேனியில் டூவீலர் கடை, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு எனக்கு அவரே இலை போட்டார். நான் சாப்பிடாமல், பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததையெல்லாம் ஒப்பித்தேன், சீட் இருக்கிறது, ஹாஸ்டல் இருக்கிறது, மேடம் காத்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீங்களே சொல்லுங்க சிஸ்டர். படிப்பையும் முடி, விளையாடவும் செய், நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு நிச்சயம் பண்ணின அன்னைக்கே சொல்லிட்டேன். இவதான் வேண்டாங்கிறா." நான் பாண்டியைப் பார்த்தேன். கண்ணால் ஏதாவது காட்டுவாள் என்று பார்த்தேன், அவர் அந்தப் பக்கம் போனதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று பார்த்தேன். அவர் போனார். அவள் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "எனக்குப் போதும்டி அருளு."

போதுமாம். என்னடி போதும் என்றேன். "எல்லாந்தான். விடிகாலைல எந்திரிக்கிறது, முழங்கால் வலி, எந்த ஊருக்குப் போனாலும் பள்ளிக்கூட பெஞ்சுல படுக்குறது, எப்பப் பாரு அடுத்த மேட்ச் அடுத்த மேட்ச்சுன்னு. விளையாடுறப்ப நல்லாத்தான்டி இருந்துச்சு. நிப்பாட்டுனப்ப அதவிட நல்லா இருந்துச்சு." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒரு சினிமா பிடித்தது, ஒரு சினிமா பிடிக்கவில்லை என்று சொல்வாளே, அந்த மாதிரி சொன்னாள். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். இடது கால் பெருவிரல் நகம் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும், பூட்ஸில் இடித்து இடித்து ரத்தம் கட்டினது, விழும், முளைக்கும், மறுபடியும் கறுக்கும், மேட்ச் முடிந்து அவள் காலை மடியில் வைத்து நான் ஐஸ் தேய்த்துவிட்ட நகம் அது. சுத்தமாக முளைத்திருந்தது. ரோஸ் கலர் பாலிஷ், பக்கத்து விரலில் மெட்டி. ஆறிவிட்டது. அவளுக்கு ஆறிவிட்டது. "அப்ப நான்?" என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது, நான் என்ன செய்யட்டும் என்றுதான் கேட்க நினைத்தேன், வாயில் அதுதான் வந்தது. அவள் சிரித்தாள், என் கன்னத்தை ஈரக் கையால் தட்டினாள். "ஒனக்கென்னடி, வேற ஒருத்தி ஓடுவா. நீ என்னைய எங்க பார்த்த, நான் ஓடுற எடத்தத்தான பார்ப்ப."

இது விளையாட்டுக்குச் சொன்னது. விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பாள். பஸ்ஸில் வரும்போது விளையாட்டுக்கு என்று நினைத்தேன், வத்தலக்குண்டு வருவதற்குள் இல்லை என்று தோன்றியது, மறுநாள் காலையில் ஓடும்போது மறுபடியும் விளையாட்டுக்கு என்றாகிவிட்டது. நான் அவளைப் பார்க்கவில்லையா. அவள் தூங்கும்போது வாய் திறந்திருக்கும், பரோட்டாவுக்கு மேல் முட்டை உடைத்துப் போடச் சொல்லுவாள், பெனால்டிக்கு முன்னால் கழுத்துக் கயிற்றைக் கடிப்பாள், வயிற்றுவலி வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், எல்லாம் தெரியும் எனக்கு. களைத்துப் போயிருந்தாள் என்பது மட்டும் தெரியவில்லை. எப்போதிலிருந்து களைத்திருந்தாள். திருச்சி மேட்ச்சிலா. அன்றைக்கு பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு "தூங்கிட்டே இருக்கலாம்போல இருக்குடி" என்றாளே, அதுவா. நான் அடுத்த மேட்ச்சில் யாரோடு மோத வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் பதில் சொல்லாததைத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மேடம் திங்கட்கிழமை கேட்டார், "என்னடி, பாண்டி எப்ப வருது?" அடுத்த வாரம் மேடம் என்றேன். செவ்வாய்க்கிழமை இலக்கியா கேட்டாள். அடுத்த வாரம். அவள் உடனே தலையாட்டினாள், "பாண்டி அக்கா வர்ற வரைக்கும் நான் பார்த்துக்கிறேன்கா, அப்பறம் நான் வழக்கம்போல வெளிய உக்காந்துக்கிறேன்." எங்கள் பழைய மேட்ச் வீடியோ இருந்தால் அனுப்பச் சொல்லி என்னிடம் கேட்டாள், நான் அனுப்பவில்லை. ஷகிலா அனுப்பியிருக்கிறாள். ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து இலக்கியா அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள், பாண்டி எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறாள் என்று என்னையே கேட்கிறாள். இடது, என்றேன். உண்மையில் வலது.

காற்று எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. மண் கண்ணில் விழுந்தது, கசக்கிக்கொண்டே நிற்கும்போது தேன்மொழி நீளமாக அடித்த பந்து நேராக என் நெஞ்சுக்கு வந்தது. நிறுத்தினேன், கீழே விட்டேன், எதிர் டீம் பெண் ஒருத்தி வந்தாள், திரும்பினேன், அவள் தாண்டிப் போய்விட்டாள். இரண்டு பேக்குக்கும் நடுவில் சந்து தெரிந்தது. கால் அடித்துவிட்டது. நான் அடிக்கவில்லை, கால்தான் அடித்தது, பாண்டி இருக்கிற இடத்துக்கு. பந்து உருண்டது, அந்த இடம் காலியாகத்தான் இருந்தது, காலியாகவே இருக்கட்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று கெஞ்சியது. அப்போது எங்கிருந்தோ இலக்கியா வந்தாள். எப்போது கிளம்பினாள், எந்த வழியாக வந்தாள், தெரியவில்லை, பந்து போய்ச் சேர்ந்த இடத்தில் அவள் இடது கால் இருந்தது. ஒரே தொடுதல். கீப்பருக்கு அந்தப் பக்கமாக உருட்டிவிட்டாள். கோல்.

எல்லோரும் கத்தினார்கள். வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் துண்டைச் சுழற்றிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள், மேடம் நடுவர் என்பதையும் மறந்து கை தட்டினார், ஷகிலா அந்தக் கோடியில் கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். செமி ஃபைனல். செமி ஃபைனல் என்ன, ஃபைனலே போகலாம், இப்படி ஒரு கோல் போட முடிந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எனக்குத் தெரியும். எனக்கு நெஞ்சுக்குள் யாரோ ஒரு வீட்டைக் காலி பண்ணிச் சாமானை வெளியே தூக்கி வைப்பது மாதிரி இருந்தது. வேற ஒருத்தி ஓடுவா. ஓடிவிட்டாள். இவ்வளவுதானா, இதற்கு இவ்வளவு நாள் போதுமா, வீடியோ பார்த்தே வந்துவிடுமா இது. இலக்கியா எல்லோரையும் விலக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடி வந்தாள், முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளையாக. "அக்கா, கரெக்டா வந்தேனாக்கா?"

"கொஞ்சம் லேட்டு" என்றேன்.

"லேட்டாக்கா?" சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெதுவாக இறங்கியது. என்னை ஒருகணம்கூடச் சந்தேகப்படவில்லை. "சரிக்கா. இன்னும் சீக்கிரமா கிளம்புறேன்." திரும்பி ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றாள். கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தேன். விசில் அடித்துவிட்டார்கள்.

அடுத்த பந்துக்குச் சொன்னது மாதிரியே சீக்கிரமாகக் கிளம்பினாள். நான் அடிப்பதற்கு முன்னாலேயே பேக்குகளைத் தாண்டிப் போய் நின்றாள், கோட்டோரம் நின்ற பிள்ளை துண்டைத் தூக்கிக் காட்டியது, ஆஃப்சைடு, பந்து செல்லாது. அதற்கு அடுத்ததும் ஆஃப்சைடு. "ஏன்டி பறக்குற?" என்று மேடம் கத்தினார். இலக்கியா என்னைப் பார்த்தாள், இன்னும் ஒரு எட்டு முன்னால் போய் நின்றுகொண்டாள். மூன்றாவது தடவையும் துண்டு ஏறியதும் மேடம் விசிலை நீளமாக ஊதினார். "இலக்கியா, வெளிய வா. ஒரு கோல் போட்டதும் தலைகால் புரியலையா ஒனக்கு? இப்படி நின்னா லிஸ்ட்ல உன் பேரை எப்படிப் போடுறது?" அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தாள். அக்காதான் சொன்னாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலில் கட்டியிருந்த ஷின்கார்டை உருவிக்கொண்டே நடந்தாள்.

"மேடம், அவ மேல தப்பில்ல" என்றேன். என் குரலா என்று இருந்தது. "நான்தான் லேட்டுன்னு சொன்னேன்."

"எது லேட்டு? அந்தக் கோலா?" மேடம் கிட்டே வந்தார். "அதவிடக் கரெக்டா ஒருத்தி வர முடியுமாடி? ஏன் அப்படிச் சொன்ன?"

இலக்கியாதான் குறுக்கே வந்தாள், "விடுங்க மேடம். அக்காவுக்குப் பாண்டி அக்காகூட விளையாடித்தான் பழக்கம். அடுத்த வாரம் அவங்க வந்துட்டா எல்லாம் சரியாயிரும்." எனக்காகப் பேசுகிறாள், தன் இடத்தைத் தானே எடுத்து நீட்டிக்கொண்டு. அவள் நெற்றியில் முள் கீறி ஒரு கோடு ரத்தம் இருந்தது. முள்ளுக்குள் போன அந்தப் பந்தைத் துரத்தி ஓடினபோது கீறியிருக்கும், இவ்வளவு நேரம் நான் பார்க்கவில்லை.

"பாண்டி வர மாட்டா" என்றேன்.

"இன்னும் வீட்ல விடலையா? நான் வந்து பேசுறேன்டி, அவங்க அம்மாகிட்ட—"

"வீட்ல ஒண்ணும் சொல்லல மேடம். அவ வீட்டுக்காரரே போய் விளையாடுன்னுதான் சொல்றார். அவளுக்கு வேண்டாமாம். போதுமாம்." சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு அதைச் சொல்லாமல் இருந்த நாளுக்குத் திரும்பிப் போக முடியாது என்று தெரிந்துதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மேடம் என்னையே பார்த்தார், கேட்க வந்ததைக் கேட்காமல் விசிலைத் துடைத்தார். பிறகு இலக்கியா பக்கம் திரும்பினார். "ஷின்கார்ட மாட்டு. உள்ள போ." அவள் போகவில்லை. என் முன்னால் வந்து நின்றாள், மெதுவாகக் கேட்டாள், "அப்ப நான் எப்பக்கா கிளம்பணும்?" அந்தக் கோலுக்கு வந்தியே, அப்படியே வா, அதுதான் சரி, என்றேன். நான் அவளுக்கு உண்மை சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள். சந்தோஷமாகத்தான் ஓடினாள், அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை.

மீதி நேரம் எப்படிப் போனது என்று தெரியாது. ஓடினேன், பந்து வந்தது, கொடுத்தேன், ஒன்றுக்கு சைபரில் ஜெயித்தோம் என்று பிற்பாடு சொன்னார்கள். எல்லோரும் முட்டை வாங்கப் போன பிறகும் ஷகிலா கோல் போஸ்ட்டை விட்டு நகரவில்லை, கீழே உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மேடத்துகிட்ட நீ சொன்னதத் தேனு வந்து சொன்னா. ஒனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றேன். "எங்ககிட்டகூடச் சொல்லலையேடி அருளு. எங்களுக்கும் பாண்டிதானடி அது." அதைச் சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு சத்தமாக அழுதாள், கண்ணைத் துடைக்கப் போய்க் கையுறையோடு முகத்தில் புழுதியை அப்பிக்கொண்டாள். எனக்குத் தோன்றவே இல்லை, இத்தனை நாளில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, இவளும் பாண்டியை இழந்திருக்கிறாள் என்று. அவள் கையைப் பிடித்து என் மடியில் வைத்தேன். வியர்வையில் கையுறை தோலோடு ஒட்டியிருந்தது, பட்டையை அவிழ்த்து, கிழியாமல், ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினேன். அவள் அழுதுகொண்டே கையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலுக்கு வரும்போது எனக்குக் கண் தெரியவில்லை, தடவிப் பார்த்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது.